மேட்டடியில் ஒரு சேட்டு

பிள்ளையள், டேனிஷிலை எழுதித் தாங்கோ எண்டு கேட்டீங்கள். மாட்டன். இருபத்தெட்டு வருஷம் அறிக்கையெல்லாம் டேனிஷிலை எழுதிக் கை உளைஞ்சு போச்சு. இது தமிழிலைதான் வரும். வாசிக்க ஏலாட்டி வீட்டிலை அம்மாவிட்டைக் குடுங்கோ, அவ வாசிச்சுச் சொல்லட்டும். இடையிலை உங்களுக்கு நாலு பேச்சும் விழும், பறவாயில்லை.

நீங்கள் நாலு பேர் இந்த வேலைக்கு வந்திருக்கிறியள் எண்டு கேள்விப்பட்டு எனக்கு நல்ல சந்தோஷம். ஒராள் மியூசியத்திலை, மற்ற மூண்டு பேரும் பார்க்குகளிலை. எங்கட சனம் டொக்டர், எஞ்சினியர் எண்டு கனவு காண, நீங்கள் பழைய கல்லறை காக்க வெளிக்கிட்டிருக்கிறியள். என்னையும் சும்மா விடேல்லை. "அத்தான் டென்மார்க்குக்கு வந்து சுடலை காக்கிறார்" எண்டு என்ரை மச்சான் ஒருத்தன் கலியாண வீட்டிலை மைக்கைப் பிடிச்சுச் சொன்னவன். மண்டபமே சிரிச்சது. நானும் சிரிச்சன். அவன் சொன்னதிலை பிழை ஒண்டும் இல்லையே.

சில்க்போர்க்குத் தெற்காலை இருந்த எங்கட பார்க்கிலை நான் மேடு பாத்தனான். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின சனம் தங்கட பெரிய ஆக்களைத் தாட்டு, மேலை மண்ணைக் குவிச்சு எழுப்பின மேடுகள். ரெண்டாள் உயரம், மூண்டாள் உயரம், மேலை புல்லு. அந்தப் புல்லை எப்ப வெட்டுறது, ஆட்டை எப்ப மேய விடுறது எண்டதெல்லாம் உங்களுக்குக் கோர்ஸிலை சொல்லித் தருவினம். நான் அதுக்கு வரேல்லை. ஒரு நாள் காலமை ஒருத்தர் உங்களுக்கு முன்னாலை வந்து நிப்பார். சட்டம் ஒரு பக்கம் இழுக்கும், நெஞ்சு மற்றப் பக்கம் இழுக்கும். அப்ப என்ன செய்யிறது எண்டதைத்தான் சொல்லப் போறன். நான் சொல்லுறது சரியா இருக்கும். ஏனெண்டா முதல் பிழையாச் செய்து பாத்திட்டுத்தான் சொல்லுறன்.

என்ரை முதல் பிழை நடந்தது டென்மார்க்கிலை இல்லை, கொரியாவிலை.

ஊரிலை சண்டை முடியிறதுக்கு முதல் வருஷம், இலையுதிர் காலம். மேடு பாக்கிற ஆக்கள் ஒருத்தற்றை இடத்தை ஒருத்தர் போய்ப் பாக்கட்டும் எண்டு என்னை மூண்டு கிழமைக்குக் கியோங்ஜுவுக்கு அனுப்பினவை. அது ஒரு காலத்திலை பெரிய ராச்சியத்தின்ரை தலைநகர். இப்ப அந்த மலையளையும் கல்லறையளையும் கோபுரங்களையும் சேர்த்துத் தேசியப் பூங்காவா வைச்சுக் காக்கினம். மலையிலை ஏறினா வழியெல்லாம் கல்லிலை செதுக்கின புத்தர். கீழை ராசாக்களின்ரை கல்லறையள், எல்லாம் எங்கட மேடு மாதிரியே புல்லு மூடின உருண்டையள். படம் எடுத்துக் காட்டினா எது டென்மார்க், எது கொரியா எண்டு நீங்கள் சொல்லமாட்டியள். அதுதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கட பார்க்கிலை நான் காலமை வந்து முதல் செய்யிற வேலை, மேட்டிலை ஏறி ஒரு சுத்துப் பாக்கிறது. கிறெவ்லிங் எண்டு ஒரு பிராணி இருக்கு, பண்டிக்குட்டி அளவிலை, முகத்திலை கறுப்பு வெள்ளைக் கோடு. அது மேட்டுக்குள்ளை வளை தோண்டி உள்ளுக்குக் கிடக்கிற எலும்பையும் இழுத்து வெளியிலை போட்டிடும். அதாலை ஏறிப் பாக்கிறது எங்கட கடமை. சனமும் ஏறும், பிள்ளையள் உருண்டு விளையாடும், மேலை நிண்டு கோப்பி குடிப்பினம். கியோங்ஜுவிலை முதல்நாள் காலமை, ஆரும் சொல்லாமலே, நானும் கடமை தவறாத மனுசன் எண்டு விறுவிறெண்டு ஒரு ராசாவின்ரை தலைக்கு மேலை ஏறிப்போட்டன்.

ஐயோ, அந்தக் கூக்குரல்! கீழை நிண்ட சனம் கத்துது, ஒருத்தர் விசில் ஊதுறார், ஒரு வயசுபோன மனுசன் கைத்தடியை நீட்டிக்கொண்டு வாறார். அங்கை கல்லறையிலை ஏறுறது அவ்வளவு பெரிய பிழை. நான் சப்பாத்தோடை உச்சியிலை நிக்கிறன். யோசிச்சுப் பாருங்கோ, நான் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். படுத்திருக்கிற ஆளைக் கடந்து கால் வைச்சாலே ஊரிலை அடி விழும். அவ்வளவும் தெரிஞ்ச எனக்கு, டென்மார்க்கிலை இருந்த இருப்பிலை கால் மட்டும் டேனிஷ்காரன் ஆகிப் போச்சு. வெக்கத்திலை இறங்கி வந்தன்.

கீழை ஒரு பொம்பிளை நிண்டவ. பூங்கா உடுப்பு, என்னிலும் பத்து வயசு இளமை. கத்தேல்லை. நான் இறங்குமட்டும் பாத்துக்கொண்டு நிண்டு, "இப்ப அவருக்கு மன்னிப்புக் கேளுங்கோ" எண்டு இங்கிலீசிலை சொன்னா. என்னண்டு கேக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்டுதான். அப்பிடியே புல்லிலை நெடுஞ்சாண்கிடையா விழுந்து கும்பிட்டன். கோயில் வீதியிலை உருண்டு பிரதட்டை அடிச்ச உடம்பெல்லோ, விழுத்தாட்டத் தேவையில்லை. எழும்பினன். அந்த வயசுபோன மனுசன் கைத்தடியைக் கீழை வைச்சிட்டு என்ரை முழங்காலிலை ஒட்டின புல்லைத் தட்டி விட்டார்.

அந்தப் பொம்பிளையின்ரை பேரைச் சொல்லமாட்டன், தன்ரை பேர் எங்கையும் வாறது அவவுக்கு விருப்பமில்லை. அவவோடை வேலை செய்யிறவை அவவைக் கல்லறைக்காரி எண்டு பகிடியாக் கூப்பிடுவினம். ஏனெண்டா அவவின்ரை வேலை ராசாக்களின்ரை கல்லறை இல்லை, சாதாரண சனத்தின்ரை கல்லறை. அந்த மலையிலை ஊர்ச்சனம் பரம்பரை பரம்பரையா தங்கட ஆக்களைத் தாட்டிருக்குது. நல்ல வெயில், முன்னுக்கு ஆறு, பின்னுக்கு மலை, அப்பிடி இடத்திலை அப்பாவை வைச்சாப் பிள்ளையள் நல்லா இருப்பினம் எண்டு ஒரு நம்பிக்கை. புத்தருக்குப் பக்கத்திலை, கோபுரத்துக்குப் பக்கத்திலை எல்லாம் கல்லறை. பூங்கா வந்தாப் பிறகு அதுகளை வேற இடத்துக்கு மாத்தவேணும். ஒவ்வொரு குடும்பமாப் போய், உங்கட அப்பாவை இஞ்சையிருந்து எடுங்கோ எண்டு கேக்கிறது இவ. இப்பிடி ஒரு வேலையை என்ரை எதிரிக்கும் குடுக்கமாட்டன்.

ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு கமக்காரன் வீட்டை போனவ. அந்த மனுசன் மூண்டு வருஷமா மாட்டன் எண்டு நிக்கிறான். நான் நினைச்சன், சட்டக் கடுதாசியைக் காட்டப்போறா எண்டு. இவ ஒரு படத்தை எடுத்து வைச்சா. மலைக்கு வெளியிலை ஒரு சரிவு, மத்தியான வெயில் விழுந்து கிடக்கு. "இந்த இடத்தை நான் உங்கட அப்பாவுக்கு எண்டு பாத்து வைச்சிருக்கிறன், மழை பெய்தாலும் தண்ணி நிக்காது, மூண்டு தரம் மழையிலை போய்ப் பாத்தனான்" எண்டா. அந்த மனுசன் படத்தைக் கனநேரம் பாத்தான். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்களோடை வந்தான், இடத்தைப் பாக்க.

அவன் சம்மதிச்சுக் கல்லறையைத் திறந்த நாளும் நான் நிண்டனான். அவ மண்வெட்டியைத் தொடேல்லை. முதல் ஒரு கோப்பை அரிசிச் சாராயத்தைப் புல்லிலை ஊத்தி, வீடு மாறப்போறம் எண்டு உள்ளை இருக்கிறவருக்குச் சொல்லிப்போட்டு, மண்வெட்டியை மகனிட்டைக் குடுத்தா. மூடினவன்தான் திறக்கவேணும், வேற ஆக்கள் திறந்தா அது களவு எண்டு எனக்குச் சொன்னவ. சட்டத்தை அவ கடைசிவரை வாயிலை எடுக்கேல்லை. நான் இதையெல்லாம் கொப்பியிலை எழுதி, டென்மார்க்குக்கு வந்து கொப்பியை மேசை லாச்சிக்குள்ளை போட்டிட்டன். எங்களுக்கு இது எங்கை தேவைப்படப் போகுது எண்டு நினைச்சன்.

அடுத்த வருஷம் மே மாதம்.

உங்களிலை ரெண்டு பேர் அப்ப கைக்குழந்தையள். மற்ற ரெண்டு பேருக்கும் அம்மா அப்பா டிவியை நிப்பாட்டாமல் இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கும். வன்னியிலை சனம் ஒரு துண்டுக் கடற்கரையிலை அடைபட்டுச் செத்துக்கொண்டு இருந்தது. இஞ்சை நாங்கள் வேலைக்குப் போய் வந்தம். வேற என்ன செய்யிறது? டோஸ்ட்ருப்பிலை இருந்து வைலே வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் ஒராள் போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருப்பார். எனக்கு மேட்டுக்குப் போறதே வெக்கமாக் கிடந்தது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்திச் செத்த ஆளுக்குக் காவல் நிக்கிறன், அங்கை அண்டைக்குச் செத்த பிள்ளையைப் புதைக்க ஆளில்லை. அந்த நாளிலை எனக்கு இந்த வேலையிலை வெறுப்பு வந்தது உண்மை.

சண்டை முடிஞ்சுது எண்ட செய்தி வந்து ரெண்டாம் நாளோ மூண்டாம் நாளோ, காலமை ஆறரைக்கு நான் வடக்கு மேட்டடிக்கு வாறன். மேட்டின்ரை அடியிலை, ஒராள் படுக்கிற நீளம்கூட இல்லை, ஒரு குழந்தையைக் கிடத்திற அளவுக்குப் புல்லைக் கத்தியாலை நேரா வெட்டி, எடுத்து, திரும்பவும் பொருத்தி வைச்சிருக்கு. தண்ணியும் ஊத்தியிருக்கு. கிறெவ்லிங் புல்லுக்குத் தண்ணி ஊத்தாது. உங்களுக்குத் தெரியும், மேட்டிலை மட்டுமில்லை, அதைச் சுத்தி ரெண்டு மீற்றருக்குள்ளை ஒருத்தரும் மண்ணிலை கை வைக்கக் கூடாது, அது குற்றம். இதைவிட, அடுத்த நாள்தான் மியூசியத்துத் தொல்லியல்காரி மேற்பார்வைக்கு வாறா. சில வருஷத்துக்கு ஒருக்காத்தான் அந்த மனுசி வாறது, வந்தா ஒவ்வொரு மேட்டையும் குனிஞ்சு குனிஞ்சு பாக்கும். நான் முழங்காலிலை இருந்து புல்லைக் கிளப்பக் கையை வைக்கிறன்.

"அண்ணை, அதைத் தோண்டாதேங்கோ."

திரும்பிப் பாத்தா ரஞ்சி. எங்கட சில்க்போர்க் பிள்ளைதான். பிளையயெம்மிலை, அதுதான் வயசுபோன ஆக்களைப் பாக்கிற இல்லத்திலை, வேலை செய்யிறவ. வேலை உடுப்போடை சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. முகம் வீங்கிக் கிடக்கு.

"இது நீ செய்ததே?"

"ஓம்."

நான் என்ன செய்திருக்கவேணும்? கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறன் எல்லோ. ஆனா எனக்கு அந்த நேரம் வந்தது கோவம். "உனக்கென்ன விசரே? இது பொலிஸ் கேஸ் தெரியுமே? சிற்றிசன்சிப்புக்குப் போட்டிருக்கிறாய், ஒரு குற்றம் விழுந்தா அவ்வளவுதான், தூக்கி மூலையிலை போடுவாங்கள். ஆரிட்டைக் கேட்டுத் தோண்டினனீ?" எண்டு கத்திப்போட்டன். கியோங்ஜுவிலை என்னைப் பாத்து அந்தச் சனம் கத்தினதிலும் கூடக் கத்தினன்.

அவ அழேல்லை. "நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்" எண்டா.

"நான் என்ன சொன்னனான்?"

"தமிழ்ப் பள்ளிக்கூடப் பிள்ளையளை நான் கூட்டிக்கொண்டு வந்த நேரம், இந்த மேட்டிலை கை வைச்சுக்கொண்டு சொன்னனீங்கள். இதை மூவாயிரம் வருஷமா ஒருத்தரும் தோண்டேல்லை, நான் இருக்குமட்டும் ஒருத்தரும் தோண்டவும் ஏலாது எண்டு. அங்கை கல்லறைக்கு மேலையும் செல்லும் குண்டும் விழுந்தது. நான் வேற எங்கை கொண்டுபோய் வைக்க?"

என்ன வைச்சனீ எண்டு கேட்டன். பிளாஸ்ரிக் பையிலை சுத்தித் தம்பியின்ரை சேட்டு எண்டா. சீலன் அவவுக்கு ஒரே தம்பி, வன்னியிலை வாத்தியார். அவனுக்கு எண்டு வைலேயிலை ஒரு சேட்டு வாங்கி, வன்னிக்குப் பாதை திறந்தா அனுப்புவம் எண்டு ரெண்டு வருஷமா அலுமாரியிலை வைச்சிருந்திருக்கிறா. பாதை திறக்கேல்லை. தப்பி முகாமுக்கு வந்த ஒருத்தர் போன் எடுத்து, தான் கண்ணாலை கண்டது எண்டு சொல்லிப்போட்டார். புதைக்கிறதுக்கு உடம்பில்லை, அவன் உடுத்த உடுப்பும் இல்லை. அவனுக்கு எண்டு இருந்தது இந்தச் சேட்டுத்தான்.

"வீட்டிலை தெரியுமே?"

"இல்லை. அவர் சபையிலை உபவாச ஜெபத்திலை இருக்கிறார். எல்லாரும் தம்பி உயிரோடை வரவேணும் எண்டு சாப்பிடாமல் ஜெபிக்கினம். நான் என்னண்டு அண்ணை போய் அவன் இல்லை எண்டு சொல்ல?" அவ்வளவும் சொல்லிப்போட்டு, ஏழு மணிக்கு வேலை எண்டு சைக்கிளிலை ஏறிப் போட்டா.

இனி நான் செய்த அடுத்த பிழையைச் சொல்லுறன், இதை நான் கனபேருக்குச் சொன்னதில்லை. மண்வெட்டியை எடுத்து, அந்த நேரான வெட்டைக் குழப்பி, கிறெவ்லிங் கிண்டின மாதிரி மண்ணை இறைச்சன். ஒரு நாலு தரம். எங்கட பிள்ளை, சாவீடு, ஒரு சின்னப் பொய்தானே எண்டு நினைச்சன். அஞ்சாம் தரம் நிப்பாட்டிப்போட்டன். நல்ல மனுசன் எண்டதாலை இல்லை, மூளை வேலை செய்தது. கிறெவ்லிங் வளை எண்டு சொன்னா அந்தத் தொல்லியல்காரி என்ன செய்வா? எவ்வளவு ஆழம் எண்டு பாக்கத் திறப்பா. திறந்தா பிளாஸ்ரிக் பை, பைக்குள்ளை சேட்டு. பிறகு அது ஒரு சாட்சிப் பொருள், நம்பர் குத்தி ஒரு பெட்டிக்குள்ளை போகும். ரஞ்சிக்குத் தம்பியும் இல்லை, சேட்டும் இல்லை, சிற்றிசன்சிப்பும் இல்லை. பிள்ளையள், இரக்கத்திலை சொல்லுற பொய் அநேகமா ஆருக்கு இரக்கப்பட்டமோ அவையின்ரை தலையிலைதான் விழும்.

லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தன். கொப்பியின்ரை கடைசிப் பக்கத்திலை கல்லறைக்காரியின்ரை போன் நம்பர். எங்களுக்குக் காலமை பத்து மணி, அங்கை பின்னேரம் அஞ்சு. எடுத்தா. ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. நான் மூச்சு விடாமல் எல்லாத்தையும் கொட்டினன்: சட்டம், மேற்பார்வை, சேட்டு, ரெண்டு மீற்றர். அவ எல்லாத்தையும் கேட்டிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"புது இடம் எங்கை?"

"என்ன புது இடம்?"

"அந்தப் பிள்ளையின்ரை தம்பிக்கு நீங்கள் பாத்து வைச்சிருக்கிற இடம்."

"நான் ஒண்டும் பாத்து வைக்கேல்லை."

"அப்ப அவவிட்டைப் போகாதேங்கோ. இடத்தைப் பாத்திட்டுப் போங்கோ" எண்டு போனை வைச்சிட்டா. அவ்வளவுதான். மூண்டு கிழமை படிச்சதை விட அந்த ஒரு நிமிஷத்திலை படிச்சது கூட.

எனக்கு இந்த நாட்டிலை சொந்தமா எண்டு ஒரு துண்டு மண் இருக்கு. வீடு கூட வாடகை. அந்தத் துண்டு, ஊர்ச் சேமக்காலையிலை, அதுதான் இடுகாட்டிலை, என்ரை மனுசியின்ரை சாம்பல் இருக்கிற இடம். எங்கட வழக்கம் சாம்பலைக் கடலிலை கரைக்கிறது. இவ சாகிறதுக்கு முதல், "எனக்குத் தண்ணி பயம், குளிர் கடலிலை என்னைப் போட்டிடாதேங்கோ" எண்டு சத்தியம் வாங்கிப் போட்டா. அதாலை மண்ணிலை வைச்சது. ரெண்டு பேருக்கு இடம், மற்றது எனக்கு. நேரா அங்கை போனன். சேமக்காலை பாக்கிற டேனிஷ்காரரை எனக்கு வேலையாலை பழக்கம், ரெண்டு பேரும் புல்லு வெட்டுற மெசின் மாத்தி மாத்திக் குடுப்பம். விசயத்தைச் சொன்னன். மனுசன் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுது.

"சாம்பல் எண்டாக் கடுதாசி வேணும். இறப்புப் பத்திரம் இல்லாமல் ஏலாது. ஆனா உங்கட இடத்திலை நீங்கள் ஒரு றோசா நடுறதுக்கு என்னட்டைக் கேக்கத் தேவையில்லை. றோசாவுக்கு அடியிலை என்ன பசளை போடுறீங்கள் எண்டு நான் ஒருநாளும் பாக்கிறதும் இல்லை" எண்டார்.

பிறகு தொல்லியல்காரிக்குப் போன் எடுத்தன். இது முக்கியம், கவனிச்சுக் கேளுங்கோ: ரஞ்சியிட்டைப் போக முதல் அவவுக்குச் சொன்னன். நாளைக்கு வந்து கண்டுபிடிக்க விடேல்லை. வடக்கு மேட்டடியிலை ஒரு வெட்டு, மனுசர் வெட்டினது, ஆர் எண்டு எனக்குத் தெரியும், ஏன் எண்டும் தெரியும், அதுக்கு மேலை நான் நாலு தரம் மண்வெட்டி போட்டிருக்கிறன், அது என்ரை பிழை எண்டு சொன்னன். அவ முழுக்கக் கேட்டா. பிறகு, "எவ்வளவு ஆழம்?" எண்டா. முழங்கை ஆழம்கூட வராது எண்டன். "நீங்கள் பத்து மணிக்கு வராமல் ஏழு மணிக்கு வாங்கோ. மூடின ஆளே உங்களுக்கு முன்னாலை திறக்கட்டும். பொலிஸுக்குச் சொல்லுறதா இல்லையா எண்டதை அதைப் பாத்திட்டு நீங்கள் முடிவெடுங்கோ" எண்டு கேட்டன். அவ ஏழு மணிக்கு வாறன் எண்டு மட்டும் சொன்னா.

மூண்டு மணிக்கு ரஞ்சி வேலை முடிஞ்சு வெளியிலை வரேக்கை நான் வாசலிலை நிண்டன். முதல் காலமை கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டன். பிறகு சேமக்காலை இடத்தைச் சொன்னன், நாளைக்கு ஏழு மணிக்கு நீதான் வந்து திறக்கவேணும் எண்டும் சொன்னன். அவ லேசிலை விடுற ஆளில்லை.

"அண்ணை, அங்கை கொஞ்ச வருஷத்திலை கிளப்பிப் போடுவாங்கள். எங்கட இல்லத்து ஆக்களின்ரை கல்லறைக் கல்லையெல்லாம் லொறியிலை ஏத்திக்கொண்டு போறதை நான் கண்டனான். மேட்டிலை எண்டா மூவாயிரம் வருஷம்."

நல்ல கேள்வி. எனக்கு அதுக்கு மறுமொழி இருந்தது. "அது தவணை முடியத் திரும்பக் காசு கட்ட ஆளில்லாத இடத்தை. இஞ்சை என்ரை மனுசி இருக்கிறா. பேந்து நான் வருவன். நான் வாற நேரம் தவணைக் கணக்குத் திரும்ப முதலிலையிருந்து தொடங்கும். என்ரை மகள் இருக்கிறா, அவ கட்டுவா. மேட்டிலை கிடக்கிறவருக்கு ஆர் எண்டு பேரும் தெரியாது, ரஞ்சி. மூவாயிரம் வருஷம் கிடந்து என்ன, ஒருத்தரும் பேர் சொல்லி ஒரு பூ வைக்கேல்லை. உன்ரை தம்பியின்ரை பேரை நாங்கள் சொல்லுவம்."

அப்பதான் அழுதா. றோட்டோரத்திலை, சைக்கிளைப் போட்டிட்டுக் குந்தியிருந்து, பெலத்து அழுதா. இல்லத்துக் கிழடுகள் யன்னலாலை பாத்துதுகள். நானும் அழுதன், மறைக்க என்ன இருக்கு. கடைசியிலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "நாளைக்கு ஏழு மணியோ?" எண்டு கேட்டா.

அடுத்த நாள் காலமை மேட்டடியிலை ரெண்டு சைக்கிள் நிண்டது. புருஷனும் வந்திருந்தார், கையிலை வேதாகமம், மூண்டு நாள் சாப்பிடாத முகம். இரவு அவருக்குச் சொல்லியிருக்கிறா. அவர் எழும்பிப்போய்த் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து அவவின்ரை கையிலை குடுத்தாராம்.

தொல்லியல்காரி கொஞ்சம் தள்ளி நிண்டா. நான் ஒரு கோப்பைத் தண்ணியைப் புல்லிலை ஊத்தி, உள்ளை கிடக்கிற மூவாயிரம் வருஷத்து ஆளுக்குத் தமிழிலை சொன்னன், ஐயா, உங்கட வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போறம், குறை நினையாதேங்கோ எண்டு. பிறகு ரஞ்சி தன்ரை கையாலை புல்லைக் கிளப்பி, மண்ணை வழிச்சு, பையை வெளியிலை எடுத்தா. தொல்லியல்காரி முழங்காலிலை இருந்து குழியைச் சின்னக் கரண்டியாலை தடவித் தடவிப் பாத்தா. "மேல்மண் மட்டும்தான். பழசு ஒண்டும் கலையேல்லை" எண்டா. ஆனா படிவத்தைத் திறந்து, "ஆர் பொறுப்பு எண்டு ஒரு பேர் எழுதவேணும்" எண்டு என்னைப் பாத்தா.

"என்ரை பேரை எழுதுங்கோ. இஞ்சை ஒருத்தரும் தோண்டமாட்டினம் எண்டு சனத்துக்கு வீரம் கதைச்சவன் நான். ஏன் தோண்டக் கூடாது எண்டதைச் சொல்லாமல் விட்டவனும் நான். மண்வெட்டி போட்டவனும் நான்."

எழுதினா. பொலிஸுக்குப் போகேல்லை. எனக்கு அலுவலகத்திலை இருந்து எழுத்திலை ஒரு எச்சரிக்கை வந்தது. இருபத்தெட்டு வருஷத்திலை எனக்குக் கிடைச்ச ஒரே கெட்ட கடிதம். பாராட்டுக் கடிதமெல்லாம் எங்கையோ போட்டிட்டன், அதைமட்டும் வைச்சிருக்கிறன். ரஞ்சிக்குப் பேந்து சிற்றிசன்சிப்பும் கிடைச்சது.

அண்டைக்கே சேமக்காலைக்குப் போனம். நாலு பேர்: ரஞ்சி, புருஷன், நான், கூப்பிடாமலே பின்னாலை காரிலை வந்த தொல்லியல்காரி. குழியை நான் வெட்டினன், றோசாக் கண்டைச் சேமக்காலைக்காரர் குடுத்தார். புருஷன் ஜெபம் சொன்னார். ரஞ்சி பையைத் திறந்து சேட்டை எடுத்தா. நீலக் கோடு போட்ட சேட்டு, மடிப்புக் குலையேல்லை, கழுத்திலை விலைச்சீட்டுத் தொங்குது. குழிக்குள்ளை வைக்கக் குனிஞ்சவ, நிப்பாட்டி, அந்த விலைச்சீட்டைப் பல்லாலை கடிச்சு அறுத்தா.

"குடுக்கேக்கை கழட்டிப்போட்டுத்தானே குடுக்கிறது. இந்தாடா சீலன்" எண்டு சொல்லி வைச்சா.

ஒவ்வொரு வருஷமும் இலையுதிர் காலத்திலை அந்த இடத்துப் புல்லை நாங்கள் கையாலை வெட்டுறம், கியோங்ஜுவிலை சனம் செய்யிற மாதிரி. வெட்டி முடிய ரஞ்சி தேத்தண்ணி ஊத்துவா. உங்களுக்கும் ஒருநாள் ஒரு ரஞ்சி வருவா. இஞ்சை வைக்காதேங்கோ எண்டு சொல்லுறதுக்கு முதல், எங்கை வைக்கலாம் எண்டு பாத்திட்டுப் போங்கோ. அதை மட்டும் செய்யுங்கோ, மிச்சத்தை நீங்கள் வெண்டிடுவியள்.

என்ரை நாளும் வரும். வந்தா என்னையும் அங்கைதான் கொண்டுபோய் வைப்பினம். ஒரு பக்கம் தண்ணிக்குப் பயந்த என்ரை மனுசி, மற்றப் பக்கம் புதுச்சேட்டோடை ஒரு வாத்தியார். ரெண்டு பேரும் எனக்கு முதல் வந்தவை. நான் இந்தமுறை ஏறி மிதிக்கமாட்டன், சப்பாத்தைக் கழட்டிப்போட்டுச் சுத்திப்போய்த்தான் படுப்பன்.